ஒரு காரும் இரு வரவேற்புகளும்

ஒரு பாடலின் வரலாறு அது எழுதப்பட்ட நாளோடு முடிந்துவிடுவதில்லை. யார் குரலில், எக்காலத்தில், யார் செவியில் விழுந்தது என்பதும் அவ்வரலாற்றின் பகுதியே. ட்ரேஸி சாப்மன் தனியொருவராக எழுதி, மெட்டமைத்துப் பாடிய ‘ஃபாஸ்ட் கார்’ இதற்குத் தக்க சான்று. அமெரிக்கா அதனை இருமுறை கொண்டாடியது: 1988-இல் ஒருமுறை, 2023-இல் மறுமுறை. இவ்விரு கொண்டாட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

சாப்மன் 1964-இல் ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் பிறந்த கறுப்பினப் பெண். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பயின்றவாறே, அருகிலுள்ள ஹார்வர்டு சதுக்கத்தின் தெருவோரங்களில் கிதாருடன் பாடிவந்தார். அவருடைய முதல் இசைத்தொகுப்பு 1988 ஏப்ரலில் வெளிவந்தது. மின்னிசைக் கருவிகள் கோலோச்சிய அக்காலத்தில், ஒற்றைக் கிதாரைச் சார்ந்து ஒலித்த அக்குரல் தனித்து நின்றது.

பாடல், நம் மரபுச் சொல்லால் கூறினால், ஒரு தலைவி கூற்று. குடிகாரத் தந்தையைத் தாய் விட்டுப் பிரிய, அவரைப் பேணுவதற்காகப் படிப்பைத் துறந்த பெண் அவள். காதலனின் காரில் ஏறி ஊரைவிட்டுப் போனால் வாழ்வு மாறும் என நம்புகிறாள். கடையில் பணம் வாங்கிப்போடும் வேலை கிடைக்கிறது. ஆனால் காலப்போக்கில் காதலனும் தந்தையைப்போலவே மதுக்கடையில் பொழுதைக் கழிக்கிறான். இறுதியில், போகிறாயா இருக்கிறாயா என அவனையே முடிவெடுக்கச் சொல்கிறாள். கார் வேகமாகத்தான் ஓடுகிறது. வறுமையை மட்டும் அதனால் முந்த முடியவில்லை.

1988 ஜூன் 11 அன்று, சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் எழுபதாவது பிறந்தநாளையொட்டி லண்டன் வெம்ப்ளி அரங்கில் மாபெரும் இசைவிழா நடந்தது. சாப்மன் முன்னரே பாடி முடித்திருந்தார். மாலையில் ஸ்டீவி வொண்டரின் இசைக்கருவிக்குரிய நினைவுத்தட்டு காணாமற்போகவே, அந்த இடைவெளியை நிரப்ப அவர் மீண்டும் அழைக்கப்பட்டார். அப்போது பாடியது ‘ஃபாஸ்ட் கார்’. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஒளிபரப்பான அவ்விழாவுக்குப் பின் விற்பனை பெருகியது. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் பாடல் ஆறாம் இடத்தை எட்டியது. 1989-இல் சிறந்த பெண் பாப் குரலுக்கான கிராமி விருது இப்பாடலுக்கும், சமகால நாட்டுப்புற இசைக்கான கிராமி தொகுப்புக்கும் கிடைத்தன.

ஆக, பாப், நாட்டுப்புற இசை என்னும் இரு அடுக்குகளில் பாடல் வைக்கப்பட்டது. மூன்றாவதாக ஓர் அடுக்கு இருந்தது. கிதார், கதைசொல்லும் வரிகள், உழைக்கும் ஏழையரின் குடும்பம், மது, நெடுஞ்சாலை: கன்ட்ரி இசையின் இலக்கணம் அனைத்தும் இதில் உண்டு. ஆயினும் அவ்வடுக்கு அவருக்குத் திறக்கவில்லை.

காரணம் பழையது. 1920-களில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் தென்மாநிலங்களின் இசையைக் கறுப்பருக்கென ‘ரேஸ்’ என்றும் வெள்ளையருக்கென ‘ஹில்பில்லி’ என்றும் பிரித்து விற்றன. பின்னதே கன்ட்ரி ஆயிற்று. ஆப்பிரிக்க அடிமைகள் கொணர்ந்த மரபிலிருந்து பிறந்த பாஞ்சோவும் அந்த வெள்ளை அடுக்கிற்கே உரியதாயிற்று. இசையைப் பிரித்தது செவியன்று, வணிகம்.

2023-இல், வட கரோலினாவைச் சேர்ந்த லூக் கோம்ப்ஸ் என்னும் வெள்ளையினப் பாடகர் இப்பாடலைப் பாடி வெளியிட்டார். சிறுவயதில் தந்தையுடன் கேட்ட பாடல் இது என்று அவர் கூறினார். பெண்ணின் கூற்றை ஆணின் கூற்றாக மாற்றவில்லை. பில்போர்டில் இரண்டாம் இடமும், கன்ட்ரி வானொலிப் பட்டியலில் முதலிடமும் கிட்டின. தனியொருவராக எழுதிய பாடலால் அம்முதலிடத்தை எட்டிய முதல் கறுப்பினப் பெண்ணானார் சாப்மன். அவ்வாண்டு நவம்பரில் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ‘ஆண்டின் பாடல்’ விருதும் அவருக்கு வந்தது. கறுப்பினப் படைப்பாளி ஒருவர் அதனைப் பெற்றது அதுவே முதன்முறை.

சொற்களும் மெட்டும் முப்பத்தைந்து ஆண்டுகள் முன்னிருந்தவையே. பாடிய உடல்தான் வேறு. கோம்ப்ஸ் மீது நாம் குறைகாண்பதற்கில்லை, அவர் மூலத்தைப் போற்றியே பாடினார். வினா அவருக்கு உரியதன்று, பூட்டை வைத்திருந்தவர்களுக்கு உரியது.

2024 பிப்ரவரி 4 அன்று கிராமி மேடையில் இருவரும் சேர்ந்து பாடினர். நெடுங்காலம் பொதுமேடைகளைத் தவிர்த்துவந்த சாப்மன், நரைத்த கூந்தலும் புன்னகையுமாகக் கிதாரை மீட்டத் தொடங்கியதும் அரங்கு ஆர்ப்பரித்தது. அவரைப் பார்த்தபடியே, அடியொற்றிப் பாடினார் கோம்ப்ஸ். அதன்பின் மக்கள் மீண்டும் விலைகொடுத்து வாங்கியது 1988-இன் மூலப்பதிவை.