தமிழறியா இயக்குநரும் தமிழ்த் திரையின் வசனமும்: எல்லிஸ் ஆர். டங்கனின் பணிக்காலம் (1935–1950)

தென்சென்னையில் தரமணியில் இயங்கும் அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனம் எம்.ஜி.ஆர். பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே படிக்கும் மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எம்.ஜி.ஆர். நடித்த முதல் படத்தை இயக்கியவர், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் திரைக்கலையைப் பாடமாகப் பயின்று வந்த எல்லிஸ் ஆர். டங்கன். தமிழ் தெரியாத ஒருவர் பதினைந்து ஆண்டுகள் தமிழ்ப் படங்களை இயக்கியது எப்படி, அதனால் தமிழ்த் திரை பெற்றது என்ன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

வருகை

டங்கன் 1909-இல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உடன் படித்த மாணிக்லால் டாண்டனின் அழைப்பை ஏற்று 1935-இல் இந்தியா வந்தார். கே.பி. சுந்தராம்பாள் நடித்த ‘நந்தனார்’ படத்தை டாண்டன் இயக்கியபோது அவருக்குத் துணையாக இருந்தார். டாண்டனின் பரிந்துரையால் ‘சதி லீலாவதி’யை (1936) இயக்கும் வாய்ப்பு டங்கனுக்குக் கிடைத்தது.

முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ வெளிவந்து அப்போது ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. புராணக் கதைகளும் நாடக மேடையின் பழக்கங்களும் திரையை ஆண்ட காலம். எஸ்.எஸ். வாசன் ஆனந்த விகடனில் எழுதிய தொடரை அடிப்படையாகக் கொண்ட ‘சதி லீலாவதி’ இந்த வழக்கத்திலிருந்து விலகியது. குடிக்கு அடிமையான சென்னைவாசி, கொலை செய்துவிட்டதாக அஞ்சி இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். எம்.கே. ராதா நாயகனாக நடித்தார், எம்.ஜி.ஆருக்குக் காவல் ஆய்வாளராகச் சிறு வேடம்.

வசனத்தைப் பிறரிடம் ஒப்படைத்தவர்

வசனத்தின் ஆங்கில வடிவத்தைக் கொண்டு டங்கன் காட்சிகளைத் திட்டமிடுவார். உச்சரிப்பையும் பேச்சின் ஏற்ற இறக்கத்தையும் தமிழறிந்த உதவியாளர்கள் கவனித்தார்கள். வெளிப்பார்வைக்கு இது ஒரு குறை. ஆனால் இந்தக் குறையே ஒரு வேலைப் பிரிவினையை உருவாக்கியது: காட்சி இயக்குநருக்கு, சொல் எழுத்தாளருக்கு.

இதன் பயனை ‘அம்பிகாபதி’யில் (1937) காணலாம். காதல் காட்சிகளுக்கு ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’டை முன்மாதிரியாகக் காட்டி, அந்த உணர்வைத் தமிழில் கொண்டுவரும் பொறுப்பை வசன எழுத்தாளர் இளங்கோவனிடம் டங்கன் ஒப்படைத்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரின் பாடல்களுக்காக வந்த கூட்டம் இளங்கோவனின் வசனத்தையும் கொண்டாடியது. வசனகர்த்தாவுக்கெனத் தனிப் புகழ் தமிழ்த் திரையில் வேர்விட்டது இங்கேதான்.

‘மீரா’: முகமும் ஒளியும்

டங்கனின் காட்சித் திறன் முழுமை பெற்றது எம்.எஸ். சுப்புலட்சுமியின் படங்களில். ஜி.என். பாலசுப்பிரமணியத்துடன் எம்.எஸ். நடித்த ‘சகுந்தலை’ 1940-இலும், ‘மீரா’ 1945 தீபாவளியையொட்டியும் வெளிவந்தன. ‘மீரா’வுக்கான ஆயத்தத்தில் எம்.எஸ்ஸின் மார்பளவுச் சிலை ஒன்று செய்யப்பட்டது. டங்கனும் ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் அதன்மீது வெவ்வேறு கோணங்களில் ஒளி பாய்ச்சி, எந்த ஒளி அந்த முகத்துக்குப் பொருந்தும் என்று முன்கூட்டியே சோதித்தார்கள்.

நடிகர் களத்துக்கு வருவதற்கு முன்பே காட்சியைத் தீர்மானிக்கும் இந்த முறை, படிப்பும் பயிற்சியும் தந்த ஒழுங்கு. சிறுமி மீராவாக நடித்த ராதாவிலிருந்து எம்.எஸ்ஸுக்குப் படம் ஒரு பாடலுக்குள்ளேயே மாறுகிறது. ஆண்டுகள் கடந்ததை விளக்க வசனம் தேவைப்படவில்லை. துவாரகை, உதய்ப்பூர் போன்ற இடங்களுக்கே சென்று படமெடுத்ததால் கதைக்கு நிலப்பின்னணியும் வாய்த்தது. 1947-இல் வந்த இந்தி வடிவத்தில் சரோஜினி நாயுடு எம்.எஸ்ஸை அறிமுகப்படுத்திப் பேசினார்.

சேலத்தில் நிறைவு

டங்கனின் கடைசித் தமிழ்ப் படங்கள் இரண்டும் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்புகள். இரண்டும் 1950-இல் வெளிவந்தன. ‘பொன்முடி’க்கு மூலம் பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’. படத்தின் காதல் காட்சிகள் வரம்பு மீறியவை என்ற கண்டனம் எழுந்தது. குண்டலகேசிக் கதையைத் தழுவிய ‘மந்திரி குமாரி’க்கு வசனம் மு. கருணாநிதி, நாயகன் எம்.ஜி.ஆர். படம் முடியும் முன்பே டங்கன் அமெரிக்கா திரும்பியதால் எஞ்சிய பகுதியை மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர். சுந்தரம் முடித்தார்.

மதிப்பீடு

இளங்கோவனில் தொடங்கிக் கருணாநிதி வரையிலான வசன மரபின் இரு முனைகளிலும் டங்கனின் பெயர் இருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்க இயலாது. அந்த மரபை அவர் படைத்தார் என்பது மிகை. எழுத்தாளர்களின் ஆற்றலும் நாடக மேடையின் பயிற்சியும் அதற்கு அடித்தளம். ஆயினும், சொல்லில் தலையிட முடியாத இயக்குநர் எழுத்தாளருக்கு விட்டுக்கொடுத்த இடம் பெரிது. அதே இயக்குநர் சொல்லை நம்பாமல் ஒளியாலும் கோணத்தாலும் கதை நகர்த்த வேண்டியிருந்தது.

வசனம் மிகுந்த கலை என்றே தமிழ்த் திரையின் தொடக்க காலத்தை வருணிப்பது நம் வழக்கம். அந்த வருணனை பாதி உண்மை. வசனம் வளர்ந்த அதே படங்களில் காட்சிமொழியும் வளர்ந்தது. 2001-இல் மறைந்த டங்கனை ‘வெள்ளைக்கார இயக்குநர்’ என்ற வியப்போடு நிறுத்திவிடாமல், காட்சியமைப்பை முறையாகச் செய்து காட்டிய முன்னோடியாக நம் திரைப்பட வரலாறு பதிய வேண்டும்.