பெல்ட்டைக் கழற்றிய காலமும் பொய் சொல்லும் சென்சாரும்

போன மே மாசம் என் கார் ஏசி படுத்துவிட்டது. பட்டனை அமுக்கினால் விளக்கு எரியும், காற்று வரும், குளிர்ச்சி மட்டும் வராது. கம்ப்ரஸர் கிளட்ச் ஒட்டவே இல்லை. மெக்கானிக் பார்த்துவிட்டு, "கம்ப்ரஸர் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார். பெரிய செலவு. "ரெண்டு நாள் டைம் குடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு பக் வந்தால், அது எந்த வெர்ஷனில் நுழைந்தது என்று பின்னோக்கிப் போவது எங்கள் தொழில் புத்தி. அப்படிப் போனதில் 1939இல் போய் நின்றேன்.

அந்த வருஷம் நவம்பரில் சிகாகோ கார் கண்காட்சியில் பேக்கார்ட் கம்பெனி ஏசி வைத்த காரைக் காட்டியது. ஏசிக்குத் தனியாக 274 டாலர். குளிரூட்டும் சுருள் பின்சீட்டுக்குப் பின்னால். கம்ப்ரஸர் முன்னால், இன்ஜினோடு பெல்ட்டில். நடுவில் கிளட்ச் கிடையாது. இன்ஜின் ஓடினால் கம்ப்ரஸரும் ஓடியே ஆகணும். அதை நிறுத்த, வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும்! 1941ஓடு பேக்கார்ட் இதைக் கைவிட்டது.

ஐம்பதுகளின் நடுவில் மின்காந்த கிளட்ச் வந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது: கிளட்ச் எப்போது ஒட்டலாம், எப்போது விடணும் என்று யார் முடிவு செய்வது? கேஸ் கசிந்துவிட்டால், அதோடு சேர்ந்து சுற்றும் ஆயிலும் கம்ப்ரஸருக்குத் திரும்பாது. உள்ளே உரசி இறுகிவிடும். கண்டென்சர் ஃபேன் நின்றால் அழுத்தம் எகிறும். இதற்காக அழுத்த சுவிட்சுகள் வைத்தார்கள். அவற்றுக்குத் தெரிந்தது ஆம், இல்லை இரண்டு பதில்தான்.

இன்ஜினைக் கணினி பார்த்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு அதற்கு ஆம், இல்லை போதவில்லை. ஃபேன் வேகத்தைக் கூட்டிக் குறைக்க அழுத்தம் எவ்வளவு என்ற எண்ணே தேவைப்பட்டது. அப்படி வந்ததுதான் மூன்று ஒயர் சென்சார்: ஒன்றில் 5 வோல்ட், ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். சிக்கல் என்னவென்றால், சென்சார் என்ன சொன்னாலும் கணினி நம்பும்.

சென்சார் சொல்வது பொய்யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு 1801க்குப் போகணும். திரவமும் அதன் ஆவியும் சேர்ந்திருக்கும் இடத்தில் ஆவியின் அழுத்தத்தை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது என்று ஜான் டால்ட்டன் மான்செஸ்டரில் விளக்கினார். ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்த காரின் ஏசிக் குழாய் அப்படிப்பட்ட இடம்தான். என் காரில் இருப்பது ஆர்-134ஏ. 30 டிகிரி செல்சியஸில் கேஜ் சுமார் 97 பிஎஸ்ஐ காட்ட வேண்டும்.

காலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை வரவழைத்து கேஜ் மாட்டச் சொன்னேன். நிழலில் 30 டிகிரி. கேஜ் முள் நூறுக்குக் கொஞ்சம் கீழே. ஸ்கேனரிலோ 430! அவ்வளவு அழுத்தம் என்று நம்பிய கணினி, கம்ப்ரஸரைக் காப்பாற்ற கிளட்சை விடாமல் தடுத்திருக்கிறது. கம்ப்ரஸர் மேல் பழி.

அடுத்து, தப்பு சென்சாரிலா ஒயரிலா? கனெக்டரைக் கழற்றாமலே எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் மல்டிமீட்டர் வைத்தேன். கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்கணும். இருந்தது 3 வோல்ட்டுக்கு மேல். எர்த் சரியில்லை என்றால் சிக்னல் மேலே ஏறிவிடும். கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் எர்த் பின்னில் பச்சைக் களிம்பு. பின்னை மாற்றியதும் ஸ்கேனரும் கேஜும் ஒரே எண்ணுக்கு வந்தன. கிளட்ச் 'டக்' என்று ஒட்டியது.

ஒரு எச்சரிக்கை: 97 வந்துவிட்டதால் கேஸ் முழுக்க இருக்கிறது என்று அர்த்தமில்லை. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலும் அதே எண்தான் வரும். இந்தச் சோதனை சென்சாரைத்தான் பரிசோதிக்கும், கேஸின் அளவை அல்ல.

செலவு சில நூறு ரூபாய். கம்ப்ரஸரை மாற்றியிருந்தால் பணத்தோடு கேஸும் காற்றில் போயிருக்கும். பல கடைகளில் அதைப் பிடித்துவைக்கும் மெஷின் கிடையாது. ஓசோனைக் கெடுத்த பழைய ஆர்-12க்கு 1987இல் மாண்ட்ரியலில் கடிவாளம் போட்டார்கள். அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓசோனை விட்டுவைத்தது, ஆனால் எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது.

வெப்பநிலைக்கு இவ்வளவு அழுத்தம் என்ற பட்டியலை பிரிண்ட் எடுத்து மெக்கானிக் அண்ணனுக்குக் கொடுத்தேன். கடையில் நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.