வேலி பயிரை மேய்ந்த வரலாறு

வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்பது நம் நாட்டுப் பழமொழி. காக்க வேண்டியவரே கேடு செய்யும்போது அதனைச் சொல்லுகிறோம். இந்தப் பழமொழி மனித உடலுக்கும் பொருந்தும் என்பதை மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ள ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. சான்றுகள் கிடைக்காமையால் நேர்ந்த தாமதம் அன்று அது. சான்றுகள் கண்முன்னே கிடந்தும் அவற்றை ஏற்க மனம் வராமையால் நேர்ந்த தாமதம். அந்த வரலாற்றை இன்று மாணவ நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நம் உடலுக்குள் நோய்க்கிருமிகள் புகுந்தால், அவற்றை எதிர்ப்பதற்கென்று இரத்தத்தில் சில பொருள்கள் தோன்றுகின்றன. அவற்றை எதிர்ப்பொருள்கள் என்பர். 1890ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் பேரிங் என்னும் ஜெர்மானியரும் கிட்டசாட்டோ என்னும் ஜப்பானியரும் இதனை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டினர். அதன்பின் 1898ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் ஜூல்ஸ் போர்டே என்பவர் ஒரு புதுமையைக் கண்டார். முயலின் இரத்தத்தைச் சீமைப்பெருச்சாளிக்குச் செலுத்தினால், சீமைப்பெருச்சாளியின் ஊநீர் முயலின் சிவப்பணுக்களைக் கரைத்துவிடும் ஆற்றலைப் பெற்றது. ஆகவே, இப்படைக்கலம் கிருமிகளுக்கு எதிராக மட்டும் எழுவதன்று. அயலான அணுக்கள் எவையாயினும் அவற்றின்மீதும் பாயக்கூடியது என்பது தெளிவாயிற்று.

இங்கே ஒரு வினா எழுகிறது. அயலாரின் அணுக்களை அழிக்க வல்ல உடல், தன் சொந்த அணுக்களை அழித்துக்கொள்ளுமா?

இவ்வினாவை ஆராயத் தொடங்கியவர் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் வாழ்ந்த பால் எர்லிக். அவரும் அவருடைய துணைவர் மார்கன்ராத் என்பவரும் வெள்ளாடுகளை வைத்துச் சோதனை செய்தனர். ஓர் ஆட்டின் இரத்தத்தை மற்றோர் ஆட்டிற்குச் செலுத்தினர். அந்த ஆடு எதிர்ப்பொருளை உண்டாக்கியது. அவ்வெதிர்ப்பொருள் மற்ற ஆடுகளின் சிவப்பணுக்களைக் கரைத்தது. ஆனால் அதனை உண்டாக்கிய ஆட்டின் சிவப்பணுக்களை மட்டும் தொடவில்லை. எத்தனை முறை செய்தாலும் விளைவு இதுவே. தன்னைத் தானே நஞ்சூட்டிக்கொள்ள உடல் அஞ்சுகிறது என்று எர்லிக் கருதினார். இவ்வச்சத்திற்கு 'ஹாரர் ஆட்டோடாக்சிகஸ்' என்று இலத்தீனில் பெயரும் சூட்டினார். இது நிகழ்ந்தது 1901ஆம் ஆண்டை ஒட்டி.

எர்லிக் சொன்னதை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். தனக்கெதிரான பொருள் உடலில் ஒருபோதும் தோன்றாது என்று அவர் முடிவுகட்டவில்லை. அது தீங்கு செய்யாதபடி தடுத்துவைக்கும் ஏற்பாடு ஒன்று உடலில் இருத்தல் வேண்டும், அவ்வேற்பாடு குலைந்தால் நோய் வரலாம் என்பதே அவர் கருத்து. ஆனால் பின்வந்தோர் இந்த நுட்பத்தை விட்டுவிட்டனர். அச்சம் என்னும் ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, இது நடவாத செயல் என்றே பாடம் சொல்லத் தொடங்கினர்.

மூன்றே ஆண்டுகளில் மறுப்புச் சான்று வந்தது. வியன்னா நகரில் டோனாத், லாண்ட்ஸ்டைனர் என்னும் இருவர் ஒரு விந்தையான நோயை ஆராய்ந்தனர். அந்நோயாளிகள் குளிரில் சிறிது நேரம் நின்றாலே, அவர்களுடைய சிறுநீர் கருஞ்சிவப்பாக மாறிவிடும். சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றின் நிறப்பொருள் சிறுநீரில் இறங்குவதே காரணம். இவ்விருவரும் நோயாளியின் இரத்தத்தைக் குழாயில் எடுத்துக் குளிரச் செய்து, பிறகு உடற்சூட்டிற்குக் கொண்டுவந்தனர். சிவப்பணுக்கள் குழாயிலேயே கரைந்தன. அவற்றைக் கரைத்தது அந்நோயாளியின் ஊநீரிலேயே இருந்த எதிர்ப்பொருள். 1904ஆம் ஆண்டில் இச்செய்தி வெளிவந்தது. வேலி பயிரை மேய்வதை ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் காட்டிவிட்டார்கள்.

எனினும் உலகம் அசையவில்லை. இஃது அரிதான நோய், இதற்கெனத் தனி விதி இருக்கக்கூடும் என்று ஒதுக்கிவைத்தனர். எர்லிக்கின் புகழோ நாளுக்கு நாள் ஓங்கியது. 1908ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். 1910ஆம் ஆண்டில் மேகநோய்க்கு மருந்து அளித்தார். அத்தகைய பெரியவர் பெயரால் வழங்கிய கருத்தை எதிர்த்துப் பேச யார் முன்வருவார்?

1912ஆம் ஆண்டில் இன்னொரு சான்று வந்தது. ஜப்பானின் புக்குவோக்கா நகரில் ஹக்காரு ஹஷிமோட்டோ என்னும் இளம் அறுவை மருத்துவர் பணியாற்றினார். கழுத்தில் தைராய்டு சுரப்பி வீங்கிய நடுத்தர வயதுப் பெண்கள் நால்வரின் சுரப்பியை அவர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சுரப்பியின் இயல்பான அமைப்பு சிதைந்து, அதனிடையே லிம்போசைட்டு என்னும் வெள்ளணுக்கள் கூட்டங்கூட்டமாகக் குடியேறியிருந்தன. தாம் கண்டதை அவர் ஜெர்மன் மொழி இதழில் விரிவாக எழுதினார். பின்னர் ஜெர்மனிக்குச் சென்று பயின்றார். முதல் உலகப் போர் மூண்டதனால் நாடு திரும்பினார். தம் ஊரில் வைத்தியராக அமர்ந்து எளியோர்க்குத் தொண்டாற்றினார். 1934ஆம் ஆண்டில் டைபாய்டு காய்ச்சல் கண்டு இறந்தார். அவர் விவரித்த நோய் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்த வெள்ளணுக்கள் அங்கே ஏன் வந்தன என்பதற்கு விடை அவர் காலத்தில் கிடைக்கவில்லை. காவலர்கள் குற்றவாளிகளாக இருக்கலாம் என்று எவரும் எண்ணாதபோது, காவலர்களைக் குற்றம் நடந்த இடத்தில் கண்டும் என்ன பயன்?

மூன்றாவது சான்று நமக்கு நெருக்கமானது. வெறிநாய்க்கடிக்குப் பாஸ்டர் 1885ஆம் ஆண்டில் தடுப்பூசி கண்டார். அது முயலின் தண்டுவடத்திலிருந்து செய்யப்பட்டது. பின்னர் இந்தியாவில் டேவிட் செம்பில் என்பவர் வகுத்த முறையில், ஆட்டின் மூளையிலிருந்து அம்மருந்து தயாராயிற்று. 1907ஆம் ஆண்டில் தோன்றிய குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திலும் அதனைச் செய்தனர். வயிற்றில் நாள்தோறும் போட்டுக்கொண்ட ஊசியை உங்கள் பாட்டனார் இன்றும் மறந்திருக்கமாட்டார். அம்மருந்து காத்த உயிர்கள் எண்ணற்றவை. ஆயினும் ஊசி போட்டுக்கொண்டோருள் மிகச் சிலருக்குக் கைகால் வாதம் வந்தது. வெறிநோய்க் கிருமியால் வந்த வாதம் அன்று அது. 1933ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து ராக்பெல்லர் நிலையத்தில் தாமஸ் ரிவர்ஸ் என்பவரும் அவர் துணைவர்களும், கிருமி எதுவும் கலவாத முயல் மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குப் பலமுறை செலுத்திப் பார்த்தனர். சில குரங்குகளுக்கு வாதம் வந்தது. அவற்றின் நரம்புகளின்மேல் இருக்கும் கொழுப்புறை அழிந்திருந்தது. அயல் மூளையை எதிர்க்கக் கற்ற உடல், அதனை ஒத்த தன் மூளையையும் தாக்கிவிட்டது. இந்தியாவில் ஆட்டு மூளை மருந்து 2005ஆம் ஆண்டுக்குள் கைவிடப்பட்டு, இன்று அத்தீங்கு இல்லாத தடுப்பூசி வழங்குகிறது.

இனி, பூட்டிய கதவு திறந்த கதைக்கு வருவோம். அமெரிக்காவின் பபலோ நகரில் எர்னஸ்ட் விட்டெப்ஸ்கி என்னும் பேராசிரியர் இருந்தார். அவர் ஜெர்மனியில் பிறந்தவர். எர்லிக்குடன் பணியாற்றிய ஹான்ஸ் சாக்ஸ் என்பாரிடம் பயின்றவர். எனவே எர்லிக்கின் மாணவ மரபில் வந்தவர். அவரிடம் 1951ஆம் ஆண்டில் நோயல் ரோஸ் என்னும் இளைஞர் வந்து சேர்ந்தார். தைராய்டு சுரப்பியின் புரதத்தைத் தூய்மை செய்து ஆராய்வது அவர் வேலை. முயலின் தைராய்டுச் சாற்றை முயலுக்கே செலுத்தியபோது, நடவாது என்று கருதியது நடந்தது. முயல் எதிர்ப்பொருளை உண்டாக்கியது.

பேராசிரியர் எளிதில் நம்பவில்லை. ஒரு முயலின் சுரப்பி இன்னொரு முயலுக்கு அயற்பொருளாகத் தோன்றியிருக்கலாம் அன்றோ? ஆகவே ஒரு முயலின் தைராய்டில் ஒரு பாதியை அறுத்தெடுத்து, அதன் சாற்றை அதே முயலுக்குச் செலுத்தினர். அப்போதும் எதிர்ப்பொருள் தோன்றியது. அம்மட்டோ! உடலில் எஞ்சியிருந்த மறுபாதிச் சுரப்பியில் வெள்ளணுக்கள் நிறைந்து, அது சிதைந்துபோயிருந்தது. ஹஷிமோட்டோ 1912ஆம் ஆண்டில் வரைந்துகாட்டிய காட்சியே அங்கு மீண்டும் தோன்றியது. சோதனையை மீண்டும் மீண்டும் செய்து பார்த்த பின்னரே 1956ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர்.

அதே 1956ஆம் ஆண்டில், இலண்டன் நகரில் டெபோரா டோனியாக் அம்மையாரும் ஐவன் ராய்ட்டும் அவர்கள் துணைவர்களும், ஹஷிமோட்டோ நோயாளிகளின் ஊநீரை மனிதத் தைராய்டுச் சாற்றுடன் சேர்த்துப் பார்த்தனர். இரண்டும் கலந்த இடத்தில் வீழ்படிவு தோன்றியது. நோயாளிகளின் இரத்தத்தில் தம் சொந்தச் சுரப்பிக்கு எதிரான பொருள் இருந்தது. முயலில் கண்டது மனிதரிடமும் மெய்யாயிற்று. புற்றுநோயோ என்று அஞ்சிக் கழுத்தை அறுத்துப் பார்த்த நிலை மாறி, இரத்தச் சோதனையால் நோயை அறியவும், குறைந்துபோன தைராய்டுச் சுரப்பினை மாத்திரையால் ஈடுசெய்யவும் வழி பிறந்தது.

உடலின் காவல் ஏன் தவறுகிறது? ஆஸ்திரேலிய அறிஞர் பர்னெட் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட கொள்கையை ஓர் உவமையால் விளக்கலாம். ஒரு கொல்லன் பூட்டைப் பாராமலே பல்லாயிரம் திறவுகோல்களை அடித்து வைக்கிறான். எந்தக் கள்வனின் பெட்டி வந்தாலும் அவற்றுள் ஒன்று பொருந்தும். ஆனால் சில கோல்கள் அவன் சொந்த வீட்டுப் பூட்டையே திறந்துவிடும். அவற்றை முன்கூட்டியே உருக்கிவிட வேண்டும். லிம்போசைட்டுகளும் இவ்வாறே பலவகைப்பட்டுப் பிறக்கின்றன. தன் உடலைத் தாக்கக் கூடியவற்றுள் பல, மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பி முதலிய இடங்களில் அழிக்கப்படுகின்றன. சில தப்பிவிடுகின்றன. பிறப்போடு வந்த மரபுக்கூறு, உடலில் புகுந்த கிருமி, பெண்பாலாய் இருத்தல் போன்ற பல காரணங்கள் கூடும்போது, தப்பியவை கிளர்ந்தெழுகின்றன. இந்நோய்களுள் பல ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பற்றுகின்றன.

தாக்கப்படும் உறுப்பிற்கேற்ப நோயின் பெயர் மாறுகிறது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்கள் அழிந்தால், சிறுவயதிலேயே வரும் முதல்வகை நீரிழிவு. மூட்டின் உட்சவ்வு தாக்கப்பட்டால் முடக்குவாதம். தோலுக்கு நிறமூட்டும் அணுக்கள் அழிந்தால் வெண்புள்ளி. தொண்டையில் வரும் ஒருவகைக் கிருமியை எதிர்க்க எழுந்த படை, உருவ ஒற்றுமையால் ஏமாந்து இதயத்தின் தடுக்கிதழ்களைத் தாக்குவதுண்டு. அதுவே நம் நாட்டு ஏழைச் சிறாரின் இதயத்தைக் கெடுத்துவரும் ருமாட்டிக் காய்ச்சல். மாணவர்களே, வெண்புள்ளி ஒட்டுவாரொட்டி அன்று. அதனை உடைய தோழன் அருகில் அமர மறுப்பவன், அறிவியலைப் படித்தும் அறியாதவனே ஆவான்.

எர்லிக் கருதிய தடுப்பு ஏற்பாடு உண்மையிலேயே உண்டா? 1969ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள், பிறந்து 3 நாள் ஆன சுண்டெலிகளின் தைமஸை எடுத்துவிட்டபோது, அவற்றின் சூலகம் அழிவதைக் கண்டனர். காவலரைக் கட்டுப்படுத்தும் காவலரும் தைமஸிலிருந்தே வருகின்றனர் என்பதற்கு அது குறிப்பாயிற்று. ஆயினும் 1980களில் அக்கருத்தைப் பெரும்பாலோர் கைவிட்டனர். கைவிடாதவருள் ஒருவர் ஷிமோன் சக்காகுச்சி. அவர் 1995ஆம் ஆண்டில் அக்கட்டுப்பாட்டு அணுக்களை இனங்காட்டினார். 2001ஆம் ஆண்டில் மேரி பிரங்கோ அம்மையாரும் பிரெட் ராம்ஸ்டெல்லும், அவ்வணுக்களின் செயலுக்கு இன்றியமையாத மரபணுவைக் கண்டனர். மூவருக்கும் 2025ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. எர்லிக் தேடிய ஏற்பாட்டின் ஒரு பகுதி, ஒரு நூற்றாண்டு கழித்துக் கைக்கு எட்டியது.

மருத்துவத்தில் முழு வெற்றி இன்னும் வரவில்லை. 1948ஆம் ஆண்டில் பிலிப் ஹென்ச் என்பவர், மூட்டு வலியால் நடக்க இயலாதிருந்த பெண்மணி ஒருவருக்குக் கார்ட்டிசோன் மருந்தைக் கொடுத்தார்; சில நாள்களில் அவர் நடந்தார். ஆனால் அம்மருந்து நல்ல காவலையும் தீய காவலையும் ஒருங்கே அடக்கிவிடுகிறது. நெடுநாள் உட்கொண்டால் வேறு தீங்குகளும் வருகின்றன. பிற்காலத்தில் குறி பார்த்துத் தாக்கும் மருந்துகள் வந்துள்ளன. அவை நோயை அடக்குகின்றன. பெரும்பாலும் வேரோடு களைவதில்லை. வேலியைப் பிடுங்காமல் அதனைத் திருத்துவது எப்படி என்பதே இன்றைய ஆராய்ச்சி. அப்பணி உங்கள் தலைமுறைக்கு உரியது.

நெடுங்காலம் வகுப்பறையில் நின்று பேசியவன் என்ற முறையில் ஒன்று கூறி முடிக்கிறேன். எர்லிக்கின் சோதனையில் பிழை இல்லை. அவருடைய ஆடுகள் பொய் சொல்லவில்லை. அவர் சொல்லை அரைகுறையாகக் கேட்டு, அதனை முடிந்த முடிபாக்கி, அடுத்த தலைமுறைக்கு ஒப்புவித்த ஆசிரியர்களே கதவைப் பூட்டினர். அதனைத் திறந்தவர்களுள் ஒருவரோ, அதே மரபில் வந்த விட்டெப்ஸ்கி. தாம் கற்ற பாடத்திற்கு மாறான விளைவை இளைஞர் ஒருவர் கொண்டுவந்து காட்டியபோது, அவர் சினந்து விரட்டவில்லை. உடனே நம்பிவிடவும் இல்லை. இன்னொரு முறை செய்து பார்ப்போம் என்றார். மாணவர்களே, உங்கள் ஆசிரியர் சொல்வதை மதித்துக் கேளுங்கள், முழுவதும் கேளுங்கள், பிறகு நீங்களே செய்து பாருங்கள்.