கிண்டி தேசியப் பூங்கா: பயணத் திட்டமிடல்

கிண்டி தேசியப் பூங்கா சென்னை மாநகருக்குள்ளேயே, ஆளுநர் மாளிகையையும் ஐ.ஐ.டி. வளாகத்தையும் ஒட்டி, சுமார் 2.7 சதுர கிலோமீட்டரில் அமைந்துள்ள காடு. இந்தியாவின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களுள் ஒன்று. சோழமண்டலக் கரையோரத்தில் அருகிவிட்ட வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு இங்கே எஞ்சியிருக்கிறது. மலைக்காட்டின் உயரமான மரங்களை எதிர்பார்த்து வருபவருக்கு முதலில் தென்படுவது களா, காரை போன்ற முட்புதர்களும் பனைகளும்தான். அவையே இந்நிலத்தின் இயல்பான தாவரங்கள்.

பூங்காவுக்குத் திட்டமிடும்போது பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. சர்தார் பட்டேல் சாலையில் நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே செல்வது சிறுவர் பூங்காவுக்கு. தேசியப் பூங்காவின் உட்காட்டுக்கு அல்ல. சிறுவர் பூங்காவில் காண்பவை அடைப்புகளில் வளர்க்கப்படும் விலங்குகளும் பறவைகளும். அதனருகே உள்ள பாம்புப் பண்ணை, ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியால் 1972-இல் இங்கு அமைந்தது. அதற்குத் தனிக் கட்டணம். செவ்வாய்க்கிழமை இரண்டுக்கும் விடுமுறை. உட்காட்டுக்குள் செல்ல வனத்துறையின் முன்அனுமதி தேவை. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வு, ஒளிப்படம், சுற்றுலா ஆகியவற்றுக்கு அனுமதி வழங்க இடமளிக்கிறது; ஆனால் உரிமையாகக் கோர முடியாது. ஆகவே மாணவர் குழுக்களும் பறவை ஆர்வலர்களும் நாள் குறிப்பதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

இந்தக் கட்டுப்பாட்டுக்கு வலுவான காரணம் இருக்கிறது. வெள்ளைக்காரர் ஒருவரின் வேட்டைக்காடாக இருந்த இந்நிலத்தை 1821-இல் அரசு 35,000 ரூபாய்க்கு வாங்கியது. 1910-இல் இது காப்புக்காடானது. அப்போது சுமார் 505 ஹெக்டேராக இருந்த பரப்பு, பின்னர் கல்வி நிறுவனங்களுக்கும் தலைவர்களின் நினைவிடங்களுக்கும் பகுதி பகுதியாகப் பிரிந்து போனது. மீந்திருப்பது ஏறக்குறையப் பாதிதான். அந்த மீதம்தான் 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

காட்டில் வெளிமான், புள்ளிமான், நரி, கீரி, குல்லாய்க் குரங்கு, நட்சத்திர ஆமை முதலியன வாழ்கின்றன. புள்ளிமான் மரநிழலை நாடும். வெளிமானுக்கோ திறந்த புல்வெளி வேண்டும். புதர்களும் மரங்களும் புல்வெளியை மூடிக்கொண்டே வருவதால் வெளிமானின் இடம் சுருங்குகிறது. இக்காட்டின் பெரிய கவலை இதுவே. முறுக்கிய கொம்பும் கரிய முதுகும் கொண்ட ஆண் வெளிமானைக் காண விரும்புபவர் அனுமதி கேட்கும்போதே அதிகாலை நேரத்தைக் கேட்பது பொருத்தம்.

பருவம் தேர்வதில் நீலகிரிக் காடுகளின் கணக்கு இங்கே செல்லாது. சென்னையின் மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை. புயல் ஆபத்தும் அக்காலத்தில்தான். 2016 டிசம்பரில் வர்தா புயல் இங்கே ஏராளமான மரங்களைச் சாய்த்தது. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் குளங்களில் நீர் இருக்கும், புல் பசுமையாக இருக்கும், வெயிலும் தாங்கும். மே மாதப் பகற்பொழுது குழந்தைகளுக்கு உகந்ததன்று.

மேற்குப் புறநகரிலிருந்து, எடுத்துக்காட்டாகச் சென்னீர்குப்பத்திலிருந்து, பூங்கா சுமார் 20 கிலோமீட்டர். ஆவடிக்குப் போய்ப் புறநகர் ரயில் பிடித்தால் சென்ட்ரல் வழியாகச் சுற்ற வேண்டியிருக்கும். பூந்தமல்லி வந்து, பரங்கிமலை சாலையில் குமணன்சாவடி, போரூர், நந்தம்பாக்கம், கத்திப்பாரா வழியாகக் கிண்டியை அடைவதே நேர்வழி. போரூரில் அலுவலக நேர நெரிசல் கடுமையாக இருக்கும். வார நாளில் வருபவர்கள் அதற்கு முன்பே கடந்துவிட வேண்டும். சிறுவர் பூங்காவுக்கும் பாம்புப் பண்ணைக்கும் அரைநாள் போதும்.

குடிநீரைத் திரும்ப எடுத்துச் செல்லக்கூடிய புட்டியில் கொண்டுவர வேண்டும். தூக்கியெறியப்பட்ட பிளாஸ்டிக் பைகளைத் தின்று மான்கள் இறந்ததுண்டு. குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுப்பதும் கூடாது. கொடுத்துப் பழக்கினால் அடுத்து வருபவரின் கையிலிருந்து பறிக்கத் தொடங்கிவிடும்.