தேயிலைத் தோட்டச் சொகுசு விடுதிகளும் தோட்டக் கலைகளும்

இலங்கையின் மத்திய மலைநாட்டில் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளையும், வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகளான துரைமாரின் பங்களாக்களையும் செப்பனிட்டு நடத்தப்படும் உயர்தரத் தங்குமிடங்கள் தோட்டச் சொகுசு விடுதிகள் எனப்படுகின்றன. இவற்றில் முன்னோடியானது, நுவரெலியாவிலிருந்து ராகலைக்குப் போகும் வழியில் கந்தப்பளையில் உள்ள 'ஹெரிடன்ஸ் டீ பெக்டரி'. ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கத்துப் பங்களா விடுதிகள் அதற்குப் பின் வந்தவை. இவ்விடுதிகள் நிற்கும் அதே தோட்டங்களில்தான் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்று பெருங்கூத்துகளும் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வருகின்றன. ஆகவே மலையகத்தின் மரபுச் சுற்றுலாவைப் பற்றி எழுதுபவர் இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ராகலையும் சிறு ரயில் பாதையும்

ராகலை, நுவரெலியா மாவட்டத்தின் வலப்பனைப் பகுதியில் உள்ள தோட்ட நகரம். தேயிலை வணிகத்தில் இவ்வட்டாரம் உடப்புசல்லாவைப் பிரதேசத்தில் அடங்கும். மலைத்தொடரின் கிழக்குச் சரிவு என்பதால் இங்குத் தரமான தேயிலைக்கு ஆண்டில் இரண்டு பருவங்கள் அமைகின்றன. ஒன்று ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான வறண்ட காற்றுக் காலம். மற்றது ஆண்டின் தொடக்கத்தில் வரும் கடுங்குளிர்க் காலம்.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை, புரூக்சைட் வழியாக ராகலை வரை இரண்டரை அடி அகலமுள்ள சிறு ரயில் பாதை ஒன்று இருந்தது. 1904இல் அது ராகலையை எட்டியது. தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகளைக் கீழே இறக்குவதும் அரிசி, உரம் போன்றவற்றை மேலே ஏற்றுவதுமே அதன் முதல் வேலை. லொறிகள் பெருகியதும் பாதைக்கு வருமானம் குறைந்து, 1940களில் மூடப்பட்டது. தண்டவாளங்களைக் கழற்றிவிட்டார்கள். அந்தக் குறும்பாதைக் காலத்தின் நினைவை இன்றும் தாங்கி நிற்பது கந்தப்பளை விடுதிதான். அங்கே பழைய ரயில் பெட்டி ஒன்று உணவகமாக நிற்கிறது. பெட்டியின் எண்ணான 'டி.சி.கே. 6685' என்பதே அந்த உணவகத்துக்கும் பெயர்.

கந்தப்பளை ஸ்டோர்

தோட்டத்து மக்கள் தேயிலைத் தொழிற்சாலையை 'ஸ்டோர்' என்பார்கள். விடுதியாக மாறியது ஹெதர்செட் தோட்டத்து ஸ்டோர். நோர்போக் மாவட்டத்து ஆங்கிலக் கிராமம் ஒன்றின் பெயரைத் துரைமார் தோட்டத்துக்கு வைத்தார்கள். தொழிலாளர் வாயில் அது பூப்பனித் தோட்டம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,800 அடி உயரத்தில், முகில் புகுந்து புறப்படும் குன்றின் மேல் ஸ்டோர் நிற்கிறது. 1970களில் வேலை நின்றுபோய், இருபது ஆண்டுகள் அளவில் பாழாகக் கிடந்தது. எயிட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் அதைப் பொறுப்பேற்று 1996இல் விடுதியாகத் திறந்தது. கட்டடக் கலைஞர் நிஹால் போதிநாயக்க.

அவர் செய்த வேலையின் அருமை புரிய வேண்டுமானால் ஒரு தேயிலை ஸ்டோர் எப்படி இயங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மலையில் பறித்த கொழுந்தை மடுவம் என்ற நிறுவைக் கொட்டகையில் நிறுத்து ஸ்டோருக்குக் கொண்டுவருவார்கள். வந்த கொழுந்து முதலில் மேல்மாடிகளுக்குப் போகும். அங்கே தட்டுத் தட்டாகப் பரப்பி, பெரிய விசிறிகளால் காற்றை ஓடவிட்டு, மணிக்கணக்காக வாட்டுவார்கள். வாடிய கொழுந்து கீழே இறங்கி, உருளைகளில் அரைபட்டு, புளித்து, அடுப்பில் காய்ந்து, சல்லடையில் தரம் பிரியும். கொழுந்து வாடக் காற்றும் வெளிச்சமும் வேண்டும். அதனால்தான் மலையகத்து ஸ்டோர்கள் எல்லாவற்றுக்கும் மாடிக்கு மாடி நீண்ட சன்னல் வரிசை இருக்கிறது.

போதிநாயக்க அந்த வாட்டும் மாடிகளையே விருந்தினர் அறைகளாக்கினார். கொழுந்துக்குக் காற்று விட்ட சன்னல்கள் இப்போது தங்குபவருக்கு மலையைக் காட்டுகின்றன. புறத்தோற்றத்தில் அவர் ஏறக்குறைய எதையும் மாற்றவில்லை. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது இன்னமும் ஒரு ஸ்டோர்தான். உள்ளே நடுக்கூடத்தின் இரும்புச் சட்டங்களுக்கிடையே மின்தூக்கி ஏறி இறங்குகிறது. பெரிய விசிறிகளும், பட்டை பூட்டி ஓடிய சக்கரங்களும், அடித்தளத்துப் பழைய எந்திரமும் கழற்றி எறியப்படாமல் இடத்திலேயே இருக்கின்றன. விடுதிக்கென்று சிறிய ஸ்டோர் ஒன்றும் உண்டு. விருந்தினர் சேலை அல்லது சாரம் கட்டி, கூடை மாட்டிக் கொழுந்து பறிக்கலாம். பறித்ததைத் தூளாக்கிக் கையோடு கொண்டு போகலாம்.

தொழிற்கூடம் ஒன்றை இடிக்காமல், அதன் வேலை முறையே அறைகளின் அமைப்பைத் தீர்மானிக்கும்படி மாற்றியமைத்த கட்டடங்களில் இது தெற்காசிய அளவில் எண்ணத்தக்கது. பாழடைந்த ஸ்டோர்களின் தகரத்தையும் இரும்பையும் பழைய விலைக்கு விற்றுத் தீர்த்த காலத்தில் நடந்த வேலை இது.

துரை பங்களாக்கள்

நுவரெலியா நகரத்து விடுதிகளின் வரலாறு இன்னும் பழையது. தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் 1828 அளவில் கட்டிய மாளிகையிலிருந்து வளர்ந்தது கிராண்ட் ஹோட்டல். 1876இல் தொடங்கிய ஹில் கிளப் நீண்ட காலம் வெள்ளையருக்கு மட்டுமே கதவு திறந்தது.

ஹட்டன் பக்கத்தில் டில்மா தேயிலைக் குடும்பத்தார் 2005இல் 'சிலோன் டீ ட்ரெயில்ஸ்' என்ற பெயரில் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியும் பொகவந்தலாவைப் பக்கமும் உள்ள துரை பங்களாக்களை விடுதிகளாக்கினார்கள். காசல்ரீ, நோர்வூட், சமர்வில், டியன்சின் ஆகியவை அவற்றுள் சில. டியன்சின் பங்களா 1888ஆம் ஆண்டினது. சமையற்காரர், பட்லர், ரோசாத் தோட்டம், கணப்பு அடுப்பு என்று பெரிய துரையின் வாழ்க்கை அப்படியே விருந்தினருக்குக் கிடைக்கிறது. அந்தப் பங்களாக்களிலிருந்து பார்வைக்கு எட்டும் தூரத்தில் லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கின்றன. லயத்தின் ஒரு காம்பரா, அதாவது அறை, பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் ஒரு குடும்பம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்குச் சம்பளச் சபை நிர்ணயித்த குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தப் பணத்தில் இவ்விடுதிகளில் ஒரு வேளை சாப்பிட முடியாது. விடுதிகளில் வேலை பார்ப்பவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கொழுந்துக் கூடையை விட்டு விலக நினைக்கும் இளைஞருக்கு அது ஒரு நல்ல வழி என்பதையும் சொல்ல வேண்டும்.

தோட்டத்துக் கூத்துகள்

மலையகத் தமிழரின் முன்னோர் 1820கள் முதல் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்ட வேலைக்கு வந்தவர்கள். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. அதற்கு இரண்டாண்டு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். வேலைக்கு ஆள் திரட்டிய கங்காணியின் பின்னால் காட்டு வழியே நடந்துவந்த மக்களிடம் கொண்டுவருவதற்குப் பெரிய சொத்து எதுவும் இல்லை. மாரியம்மன், மாடசாமி, முனியாண்டி என்ற தெய்வங்களும், பாட்டும், தப்பும், கூத்தும் அவர்களோடு வந்தன. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய பிறகும் கூத்து நிற்கவில்லை.

மூன்று கூத்துகளிலும் மக்கள் மனத்துக்கு மிக நெருக்கமானது காமன் கூத்து. மாசி அமாவாசையை ஒட்டிக் காமன் திடலில் கம்பம் நடுவதோடு அது தொடங்கும். தேவர்கள் கேட்டுக்கொண்டபடி காமனாகிய மன்மதன் சிவனின் தவத்தைக் கலைக்க மலர்க்கணை தொடுக்கிறான். நெற்றிக்கண் திறந்து அவனைச் சாம்பலாக்குகிறது. அவன் மனைவி ரதி அழுது மன்றாடுகிறாள். அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி அவன் மீள்கிறான். தோட்டத்தில் இக்கதை ஏறக்குறைய பதினைந்து நாள் நீளும். ரதியும் மதனும் லயம் லயமாக வந்து ஆடுவார்கள். வாசலில் விளக்கு வைத்து அவர்களை வரவேற்பது வழக்கம். ரதி வேடம் ஆணுக்குரியது. பிள்ளை வரம் கேட்டும் நோய் தீரவும் வேடம் கட்டுவதாக நேர்ந்துகொள்வோர் உண்டு. நடிப்பவர்களைப் பழக்கிக் கதைப்பாட்டை எடுத்துக் கொடுப்பவர் காமன் மாஸ்டர். கடைசி இரவு தூதன், வீரபத்திரர், எமன் எல்லாரும் திடலுக்கு வந்து சேர, விடியும் நேரத்தில் காமன் எரிப்பு நடக்கும். பார்க்க வந்தவர்களில் பலர் ரதியோடு சேர்ந்து அழுவார்கள். இரவு முழுவதும் விழித்திருந்தவர்கள் காலையில் மலைக்கு வேலைக்குப் போவதும் உண்டு.

அருச்சுனன் தபசில், சிவனிடம் பாசுபத அஸ்திரம் வேண்டித் தவம் செய்யும் அருச்சுனன் உயரமான தபசு மரத்தில் பாடியபடியே ஏறுவான். பொன்னர் சங்கர் கொங்கு நாட்டு அண்ணன்மார் கதை, படுகளத்தில் முடியும்.

இந்தக் கூத்துகளுக்கு உயிர் தருவது தப்பு. வட்டமான மரச் சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டிய கருவி. மலையகத்தின் ஈரக் குளிரில் தோல் சீக்கிரம் தளர்ந்துவிடும். ஆகவே திடலோரத்தில் வைக்கோலும் சருகும் போட்டுத் தீ மூட்டி, தப்பை முகம் காட்டிக் காய்ச்சுவார்கள். விரலால் தட்டிப் பார்த்து, ஓசை ஏறியதும் ஒரு கையில் தடித்த கம்பும் மறு கையில் மெல்லிய குச்சியுமாக அடிக்கத் தொடங்குவார்கள். சாமிக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி. முற்காலத்தில் விடியுமுன் தொழிலாளரை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு அழைத்ததும் தப்புதான். சாதியின் பெயரால் இக்கருவியையும் அடிப்பவர்களையும் இழிவாக நடத்திய வழக்கம் மலையகத்திலும் இருந்தது. முற்றாக ஒழிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. இன்று தப்பை மலையக அடையாளமாக மேடையேற்றும் இளைஞர் குழுக்கள் அந்த இழிவை எதிர்த்தே அடிக்கின்றன.

தோட்டப் பாடல்களைத் தொகுத்தவர்களில் முதன்மையானவர் சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984). மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்த அவருடைய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' தொகுப்பு இல்லாமல் போயிருந்தால் பல பாட்டுகள் அவற்றைப் பாடிய கிழவிகளோடு போயிருக்கும். கூத்துகளைப் பற்றி மாத்தளை வடிவேலன் எழுதியவையும் இத்துறையில் அடிப்படையானவை.

பாலைநகரில் நடந்தது

கலையும் சொகுசு விடுதியும் சேர்ந்த இடத்துக்கு எடுத்துக்காட்டு ராஜஸ்தானின் பாலைநகரமான ஜெய்சல்மேர். 1156இல் ராவல் ஜெய்சல் நிறுவிய நகரம். மஞ்சள் மணற்கல் கோட்டை 2013இல் உலக மரபுச் சொத்தானது. அங்கும் சுற்றுவட்டாரத்திலும் பழைய ஹவேலிகளும் அரண்மனைகளும் விடுதிகளாயின. மாலையில் முற்றத்தில் கமாய்ச்சா என்ற நரம்புக் கருவியும் கர்த்தால் என்ற மரத் தாளமும் கொண்டு, பரம்பரைப் பாடகர்களான மாங்கணியார் அமர்வார்கள். இது தானாக நடந்ததல்ல. நாட்டாரியல் அறிஞர் கோமல் கோத்தாரி 1960இல் எழுத்தாளர் விஜய்தான் தேதாவுடன் சேர்ந்து போருந்தா கிராமத்தில் ரூபாயன் சன்ஸ்தான் என்ற அமைப்பைத் தொடங்கி, ஊர் ஊராகப் போய்ப் பாடல்களைப் பதிவு செய்து, கலைஞர்களை வெளிநாட்டு மேடைகளுக்கு அழைத்துச் சென்றார். கமாய்ச்சாக் கலைஞர் சாகர் கானுக்கு 2012இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இரவு முழுதும் பாடும் பாட்டு சுற்றுலாவுக்காக அரை மணி நேரமாகச் சுருங்கியது அங்குள்ள குறை. ஆனாலும் பாலைநகருக்குப் போய்வந்தவர் கட்டடத்தைப் பற்றிப் பேசும்போதே பாடகர்களைப் பற்றியும் பேசுகிறார்.

மலையகத்திலோ, தோட்ட விடுதியில் தங்கிப் போனவர் எந்திரத்தையும் ரயில் பெட்டியையும் துரையின் சாய்வு நாற்காலியையும் பற்றிப் பேசுகிறார். சேலை கட்டிக் கொழுந்து பறித்த படத்தையும் காட்டுகிறார். காமன் கூத்தைப் பற்றிப் பேசுபவர் அரிது. மரபு என்ற பெயரில் இங்கு அதிகம் பேணப்பட்டிருப்பது துரைமாரின் மரபும் எந்திரங்களின் மரபும்தான். அந்த எந்திரங்களை ஓட்டியவர்களின் மரபு லயத்துக்குள்ளேயே இருக்கிறது. 2023இல் மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைவையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியே நடைபயணம் நடந்தது. தங்கள் வரலாற்றைத் தாங்களே சொல்ல அம்மக்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

அதற்காகக் காமன் கூத்தைச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இருபது நிமிடம் ஆடவைப்பது தீர்வாகாது. நேர்த்திக்கடனாக ஆடுவதை வேடிக்கையாக்குவது அம்மக்களை அவமதிப்பதாகும். விடுதிகள் காமன் மாஸ்டர்களின் பாட்டு ஏடுகளைப் பதிவு செய்ய உதவலாம், தப்புக் குழுக்களுக்கு உரிய ஊதியம் கொடுத்து அழைக்கலாம், சுவரில் மாட்டிய துரைமார் படங்களுக்குப் பக்கத்தில் தொழிலாளர் படங்களையும் மாட்டலாம். மாசி மாதத்தில் ராகலை, கந்தப்பளைப் பக்கம் தங்க வருபவர்கள் அருகிலுள்ள தோட்டத்தில் காமன் எப்போது எரிகிறது என்று கேட்டு, தோட்டத் தலைவரிடம் அனுமதி பெற்று, அந்த ஓர் இரவைத் திடலில் கழியுங்கள். குளிர் கடுமையாக இருக்கும், கம்பளியோடு போங்கள்.