இரண்டு பைகளின் சரித்திரம்

அரிசி தீர்ந்த கோணிச் சாக்கை என் பாட்டி ஒருநாளும் எறிந்ததில்லை. உதறி, வெயிலில் காயவைத்து, மடித்துப் பரணில் ஏற்றிவிடுவாள். மிளகாய் உலர்த்த அது இறங்கி வரும். மழை நாளில் வாசற்படியில் கால் துடைக்கக் கிடக்கும். நைந்து குப்பைக் குழிக்குப் போனாலும், மறு வருஷம் எருவோடு எருவாகி அவரைக் கொடிக்கு வந்து சேரும்.

சென்ற மாதம் நான் கடைத்தெருவிலிருந்து திரும்பியபோது மேஜைமேல் ஏழு பாலிதீன் பைகள் கிடந்தன. கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருப்பது கடைக்காரருக்குத் தெரியும்; எனக்கும் தெரியும். அவர் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன். வெறுங்கையோடு போனவன் வேறு என்ன செய்வது? சட்டம் வந்த பிறகும் இந்தப் பை ஏன் போகவில்லை என்று யோசித்தால், அதை உலகிலேயே முதன்முதலில் தடை செய்த தேசத்தின் கதையைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தத் தேசம் வங்காள தேசம். பாட்டியின் சாக்குக்கும் அதுதான் பூர்வீகம்.

கங்கையும் பிரம்மபுத்திராவும் கடலில் கலக்குமுன் விரித்துப் போட்ட வண்டல் பூமி அது. அந்த மண்ணில் ஆளுயரத்துக்கு மேல் வளரும் சணலை அறுத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, இடுப்பளவு நீரில் நின்று, குடியானவர்கள் கையாலேயே நாரை உரிப்பார்கள். அதன் நிறத்தைக் கண்டு வங்காளிகள் இட்ட பெயர் பொன்னிழை.

பொன்னிழைதான், ஆனால் பொன் போய்ச் சேர்ந்த இடம் வேறு. 1830-களில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தார், முரட்டுச் சணலைத் திமிங்கில எண்ணெயில் பதப்படுத்தினால் இயந்திரத்தில் நூற்கலாம் என்று கண்டுகொண்டார்கள். கிரீமிய யுத்தத்தில் ரஷ்யாவின் ஆளிநார் வரத்து நின்றதும் சணலுக்கு யோகம் அடித்தது. 1855-ல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை வந்தது. பிறகு உலகத்தின் கோதுமையும் காப்பியும் சர்க்கரையும் வங்காளச் சாக்கில்தான் கடல் தாண்டின. முதல் உலக யுத்தத்தில் பதுங்கு குழிகளின் விளிம்பில் அடுக்கிய மணல் மூட்டைகளும் அந்தச் சாக்குகளே.

1947-ல் தேசம் பிளந்தபோது ஒரு விசித்திரம் நடந்தது. சணல் விளையும் வயல்களில் பெரும்பகுதி கிழக்கு வங்காளத்துக்குப் போயிற்று. ஆலைகள் எல்லாம் ஹூக்ளிக் கரையிலேயே நின்றுவிட்டன. அந்தக் குறையைத் தீர்க்க நாராயண்கஞ்சில், சீதலக்ஷ்யா நதிக்கரையில், ஆதம்ஜி குடும்பத்தார் ஓர் ஆலை எழுப்பினார்கள். 1951-ல் ஓடத் தொடங்கிய அது, உலகத்திலேயே பெரிய சணல் ஆலை என்று பெயர் எடுத்தது. ஆலையைச் சுற்றி ஓர் ஊரே வளர்ந்தது.

மற்றொரு பையின் ஜாதகம் இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1933-ல் ஒரு ரசாயனக் கம்பெனியின் பரிசோதனைச்சாலையில், வேறெதையோ தேடப்போன இரண்டு விஞ்ஞானிகளின் பாத்திரத்தில் மெழுகு போன்ற வெண்மையான பொருள் ஒன்று படிந்திருந்தது. அதுதான் பாலிதீன். 1960-களில் ஸ்வீடன் தேசத்து ஸ்டென் துலின் அதில் கைப்பிடியோடு கூடிய பை செய்தார். 1980-களின் தொடக்கத்தில் அந்தப் பை டாக்கா கடைகளில் நுழைந்தது. எடையில்லை, ஈரம் தாங்கும், விலையோ அற்பம். மீன் வாங்க வந்தவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

டாக்கா தண்ணீரோடு குடித்தனம் நடத்தும் நகரம். வெள்ளம் வரும்; வந்த வழியே வடியும். அப்படி வடிவதற்குச் சாக்கடைகளும் கால்வாய்களும் திறந்திருக்க வேண்டும். 1988-லும் 1998-லும் நாட்டின் பெரும்பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. நகரத்துக்குள் வந்த நீர் வாரக்கணக்கில் வெளியேறாமல் தேங்கிற்று. வடிகாலின் வாயை அடைத்துக்கொண்டு கிடந்த பொருள்களில் முக்கியமானது பாலிதீன். வெள்ளம் பையினால் வரவில்லை என்பது வாஸ்தவந்தான். ஆனால் வந்த விருந்தாளியைப் போகவிடாமல் பிடித்து வைத்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. மாடி வீட்டுக்காரர் மாடியில் இருந்துகொண்டார். குடிசைக்காரர்தான் கழிவுநீரில் நின்று சமைத்தார். அவர் குழந்தைக்குத்தான் பேதி கண்டது.

2002-ல் சட்டம் வந்தது. ஜனவரியில் டாக்காவிலும் மார்ச்சில் நாடு முழுவதிலும் மெல்லிய பாலிதீன் பைகள் தடை செய்யப்பட்டன. உலகம் பாராட்டிற்று. பாராட்ட வேண்டியதுதான், பணக்கார நாடுகள் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் ஓர் ஏழை நாடு செய்த காரியம் அல்லவா?

அதே 2002-ல், ஜூன் 30-ஆம் தேதி, ஆதம்ஜி ஆலை மூடப்பட்டது.

பாலிதீனை விலக்கிய கையே சணல் ஆலையின் கதவையும் சாத்தியது. நஷ்டம் என்றார்கள், அது பொய்யுமல்ல. இயந்திரங்கள் கிழடுதட்டிவிட்டன, பிளாஸ்டிக் சாக்கு சந்தையைப் பிடித்துவிட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு ஊருக்குப் பேருந்து ஏறினார்கள்.

பிறகு நடந்ததைச் சொல்லவா வேண்டும்? சில காலம் பாலிதீன் கண்ணில் படவில்லை. சோதனைகள் குறைந்தன. பழைய டாக்காவின் சந்துகளில் பாலிதீன் இயந்திரங்கள் மறுபடியும் ஓடின. புரிகங்கை நதியைத் தூர் எடுக்கப் போனவர்கள் அதன் அடியில் சேற்றோடு பாலிதீனும் படிந்து கிடக்கக் கண்டார்கள். 2010-ல் தானியங்களைச் சணல் சாக்கில்தான் கட்ட வேண்டும் என்று இன்னொரு சட்டம் வந்தது. 2020-ல் அரசாங்கத்தின் மிஞ்சிய சணல் ஆலைகள் இருபத்தைந்தும் மூடப்பட்டன. முபாரக் அகமத் கான் என்ற விஞ்ஞானி, சணலிலிருந்தே பாலிதீன் போல மெல்லிய பை ஒன்றைச் செய்து காட்டினார். அது மண்ணில் மக்கிப் போகும். விலைதான் ஏழைக் கடைக்காரரின் கைக்கு எட்டவில்லை. 2024 அக்டோபரில் பெரிய கடைகளிலும், நவம்பரில் காய்கறிச் சந்தைகளிலும், பழைய தடையை மறுபடியும் அமல் செய்யப் புறப்பட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் கழித்து, அதே சட்டம்!

அந்தத் தேசத்தைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன். என் மேஜைமேல் ஏழு பைகள் கிடந்தனவே! ஒரு பையைக் கூடாதென்று சொல்லச் சர்க்காரால் முடியும். அதற்குப் பதிலாக மனிதர் கையில் வேறு பை இருக்க வேண்டாமா? அதை நெய்ய ஆலையும், ஆலைக்குச் சணலும், சணலுக்குக் கட்டுப்படியாகும் விலையும் வேண்டாமா? பாட்டி எந்தச் சட்டமும் படித்தவள் அல்ல. அவள் பரணில் சாக்கு இருந்தது, அவ்வளவுதான்.