பீர்க்கன்கரணையிலிருந்து ஒரு சரித்திரப் பாடம்

சரித்திரப் பட்டம் பெற்றவர்களில் பலர் வங்கிக்கும் ரயில்வேக்கும் போனார்கள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பீர்க்கன்கரணையில் குடியிருந்துகொண்டு, ஓய்வு பெறும்வரை ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் நடத்தினேன். அந்த அனுபவத்தில் தெளிந்த ஒரு கருத்தை இம்மலரில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

கணக்குக்கும் அறிவியலுக்கும் டியூஷன் வைக்கும் பெற்றோர், சமூக அறிவியலை "கடைசி வாரத்துல மனப்பாடம் பண்ணிக்கலாம்" என்று ஒதுக்கிவிடுவார்கள். முதல் உலகப் போர் எப்போது என்று கேட்டால் 1914 என்று பளிச்சென்று பதில் வரும். ஏன் என்று கேட்டால் வகுப்பே மௌனமாகிவிடும். இதைவிட என்னை யோசிக்க வைத்தது ஒரு மாணவனின் கேள்விதான்: "சார், நம்ம ஊர்ப் பக்கம் எதுவுமே நடக்கலியா?"

நடந்திருக்கிறது. பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறினால் நான்காவது ஸ்டேஷன் பல்லாவரம். அங்கேதான் 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், சரளை மண் தோண்டிய பள்ளத்தில் ஆதிமனிதன் செதுக்கிய கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழங்கற்கால ஆராய்ச்சி தொடங்கியதே அங்கேதான். சில மாதங்களில் அவர் கருவிகள் கண்ட இன்னொரு இடம், திருவள்ளூர்ப் பக்கத்து அத்திரம்பாக்கம். அங்குள்ள பழமையான கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-ல் ஆய்வு வெளியானது. பழங்கற்காலப் பாடத்தை இந்தச் செய்தியோடு தொடங்கினால், பின்வரிசைப் பையனும் நிமிர்ந்து உட்காருவான்.

அதே பல்லாவரத்து மலையில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த குகை இருக்கிறது. அவனுடைய பட்டப்பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. பின்னாளில் அது இஸ்லாமியர் வழிபடும் தர்கா ஆயிற்று. ஒரே பாறை, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் மனிதர்கள் வந்துபோகும் இடமாக நிற்கிறது. இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்தில் கிடைக்கும்?

குடிமையியலுக்கும் இதே வழிதான். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. ஆண்டு 919, 921. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடவோலை முறையில் ஆள் தேர்ந்தெடுத்து, ஏரியைக் கவனிக்க 6 பேர் கொண்ட ஏரி வாரியமும் அமைத்தார்கள். இதைச் சொல்லிவிட்டு, "அந்தக் குடத்துல யாரு பேரெல்லாம் போட மாட்டாங்க?" என்று கேட்க வேண்டும். அது பிரமதேய ஊர். குறைந்தது கால் வேலி நிலம் வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். நிலமற்றவர்க்கும் பெண்களுக்கும் இடமில்லை. அடுத்து நம் ஊருக்கு வாருங்கள். 2021-ல் பீர்க்கன்கரணைப் பேரூராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. 2022-ல் அதன் 70 வார்டுகளுக்குத் தேர்தல் நடந்தது. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. முப்பது குடும்புக்கும் எழுபது வார்டுக்கும் நடுவே எத்தனை போராட்டங்கள் நடந்திருக்க வேண்டும் என்று பிள்ளைகள் தாங்களே கேட்பார்கள். பெருமையும் கேள்வியும் சேர்ந்து வரும்போதுதான் அது சரித்திர அறிவு ஆகிறது.

இதெல்லாம் அழகுக்காகச் சொல்லவில்லை. செங்கல்பட்டுச் சீமையை ஏரிகளின் பூமி என்பார்கள். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு நீர் போகும்படி நம் முன்னோர் அமைத்தார்கள். கரை, மதகு, கலங்கல், வரத்துக்கால்வாய் என்ற சொற்களே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. ஜி.எஸ்.டி. சாலையோரம் இருக்கும் பீர்க்கன்கரணை ஏரியைத் தினமும் பஸ்ஸிலிருந்து பார்ப்பவர்கள்தான் அவர்கள். 2015 டிசம்பர் முதல் தேதி, ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் தவித்தன. அவ்வளவு மழையை எந்த ஏரியும் முழுதாகத் தாங்காதுதான். ஆனாலும் தண்ணீரின் பழைய வழி தெரியாத தலைமுறை, அந்த வழியின் மேலேயே மனை வாங்கி வீடு கட்டும். ஏரி வாரியத்தை ஐந்து மதிப்பெண் கேள்வியாக மட்டும் படித்தால் நேரும் நஷ்டம் இதுதான்.

"போர்ஷன் முடிக்கவே நேரமில்லை சார்" என்று இளம் ஆசிரியர்கள் சொல்வது நியாயமே. பாடம் ஒன்றுக்கு உள்ளூர்ச் செய்தி ஒன்று போதும், பத்து நிமிடம் ஆகும். தாத்தா பாட்டியிடம் கேட்டு, தெருவின் பழைய நிலையை ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லலாம். வரைபடக் கேள்விக்குத் தயார் செய்யும்போதே தம் ஊர் நீர்நிலைகளைக் குறிக்கச் சொல்லலாம். இதனால் என் வகுப்பில் மதிப்பெண் குறைந்ததில்லை.

பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதிப் பள்ளிக்கு வருடத்துக்கு ஒருமுறை போய், அந்த ஊரின் கதையை அரைமணி நேரம் சொல்லுங்கள். ஆசிரியப் பணிக்கு வரவிருக்கும் மாணவச் செல்வங்களே, வேலைக்குச் சேரும் ஊரை முதல் மாதத்திலேயே நடந்து பார்த்துவிடுங்கள். ஏரிக்கரை, கோயில், தர்கா, பழைய ரயில் நிலையம் எல்லாமே உங்களுக்குப் பாடத்துணைக் கருவிகள்தான்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!